வாசலில் சொல்லக்கூடாத சொல்

லாபு தோட்டம்,
ஆறாம் நம்பர் வீடு,
7 மே, வியாழக்கிழமை.

அன்பு மகள் திலகாவுக்கும், மரியாதைக்குரிய மாப்பிள்ளை புவனேஸ்வரனுக்கும் அப்பா சன்னாசி எழுதிக்கொள்வது. ஜொகூர் பாருவில் நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், பாலத்தில் நெரிசல் இல்லாமல், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நேரத்தோடு வீடு திரும்பத் தோட்டத்து முனியாண்டி துணையிருக்க வேண்டும். நானும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த கையில் மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருப்பதால் அந்த வரியைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போன வெள்ளிக்கிழமை நாய் சார்ஜர் வயரைக் கடித்து மூன்று துண்டாக்கிவிட்டது. லாபு கடையில் கேட்டால், அந்த மாதிரி முனை இப்போது வருவதில்லை, போனையே மாற்றுங்கள் என்கிறான். பக்கத்து வீட்டு மாரியம்மா தன் போனைத் தருகிறேன் என்றாள். ஆனால் அவள் போனில் பேசினால் அவளும் கூடவே நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள். இந்தக் கடிதத்தில் இருப்பதில் பாதிக்கு அவளே சாட்சி என்பதால் அவளை வைத்துக்கொண்டு பேச முடியாது.

நீ போட்ட ஒப்பந்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் ஏழாம் தேதி போனில் சொன்னாய்: ஒரு மாதம் பாருங்கள் அப்பா, நாய் வீட்டில் தனியாக இருக்கப் பழகிக்கொண்டால் நீங்கள் அங்கேயே இருங்கள், பழகாவிட்டால் அதை யாருக்காவது கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள், எங்கள் ஃபிளாட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று. இன்றோடு அந்த ஒரு மாதம் முடிகிறது. என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். நடுநடுவே சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எனக்குக் கோபமில்லை.

இந்த நாய்க்கு உன் அம்மா வைத்த பெயர் தொரை என்பது உனக்குத் தெரியும். ஜனவரி மாதம், செம்பனைப் பழம் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்துக் கால்வாயில் கிடந்ததைத் தூக்கி வந்து, மருந்து ஊற்றும் குழாயில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். வந்த மூன்றாம் வாரமே அது என் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, நான் உட்காரப் போனால் உறுமியது. உறுமலைக் கேட்டதும் உன் அம்மா பஞ்சாலை, "இது நாயில்ல, தொரை" என்று சொல்லிச் சிரித்தாள். முப்பத்தாறு வருஷம் தோட்டத்துத் தொரைமார் முன்னால் கை கட்டி நின்றேன். மண்டோராக நாற்பது பேரைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். கடைசியில் என் வீட்டிலேயே ஒரு தொரை வந்து, அவருக்கு நான் மூத்திரம் துடைக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி கடைசியில் அம்மா நம்மை விட்டுப் போன பிறகு, நான் எப்போது அதை அடுப்படியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே கிளம்பினாலும் அது அழ ஆரம்பித்தது. குரைப்பு இல்லை, திலகா. குழந்தை மூச்சு இழுத்து இழுத்து அழுவதைப் போன்ற அழுகை. நிலாய் டவுன் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் மாரியம்மாவுக்கு அதனால் தூக்கம் போயிற்று. எனக்கும் கடைக்குப் போனால் எதை வாங்க வந்தேன் என்பது மறந்துபோகும்.

நீ தமிழில் அடித்து அனுப்பிய ஒன்பது வழிகளையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் வழி, குட்டிக்கென்று ஒரு சின்னக் கூண்டு, அதை அது தன் வீடாக நினைக்க வேண்டும் என்று போட்டிருந்தாய். என்னோடு ரப்பர்ப் பால் மரம் வெட்டிய, இப்போது ரெம்பாவில் டுரியான் தோப்பு வைத்திருக்கும் இராஜமாணிக்கத்திடம் சொன்னேன். அவன் ஒரு கோழிக்கூண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலிருந்து இறங்கும் தகரக் கதவு. தொரை உள்ளே போக மறுத்தது. சரி, நெத்திலிக் கருவாட்டை உள்ளே மூலையில் வைப்போம் என்று நான் தலையை விட்டேன், தோளை விட்டேன், மூலை எட்டவில்லை என்று இன்னும் கொஞ்சம் விட்டேன், தகரக் கதவு சரியாக என் இடுப்பில் இறங்கிவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. முக்கால் மணி நேரம் அப்படிக் கிடந்தேன். அந்த முக்கால் மணி நேரமும் நாய் ஒரு சத்தம் போடவில்லை. வெளியே இருந்த என் பாதியின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. தேங்காய்த் துருவியைத் திருப்பிக் கொடுக்க வந்த மாரியம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நாயைத்தான் கேட்டாள்: "ஏன் தொரை, மண்டோரப் புடிச்சி கூண்டுல போட்டுட்டியா?"

இரண்டாம் வழி, வளர்ப்பவர் போட்டுக் கழற்றிய துணியைப் பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையில் நிம்மதியாகத் தூங்கும் என்றாய். என் பனியனை வைத்தேன். அது பனியனைக் கவ்விக்கொண்டு போய், தண்ணீர் வெளியேறும் ஓட்டை வழியாகத் தள்ளிக் கால்வாயில் போட்டுவிட்டு வந்து பழையபடி அழுதது. ஒன்பது வழியிலும் இது ஒன்றில்தான் எனக்கு நாயின் மேல் மனத்தாங்கல். மூன்றாம் வழி, பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. வானொலியைத் திருப்பி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஒளிந்து நின்றேன். செய்திக்குத் தூங்கியது, பாட்டுக்குத் தூங்கியது, பிறந்தநாள் வாழ்த்துக்கும் தூங்கியது. பதினோரு மணிக்கு அறிவிப்பாளர் பையன் விடைபெற்றதும் எழுந்து உட்கார்ந்து ஒரே அழுகை. அந்தப் பையனின் குரல் இதற்குப் பிடித்துப்போயிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

நான்காம் வழிதான் தோட்டம் முழுக்க என் பேரைக் கெடுத்தது. ஐந்து நிமிஷம் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும், பிறகு பத்து நிமிஷம், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக. நான் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன், ஒரே காலையில் பதினொரு தடவை. எதிர் வீட்டு இந்தோனேசியத் தொழிலாளிகள் நல்ல பிள்ளைகள். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவர்களும் என்னோடு தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். எட்டாவது தடவை ஒருவன், பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, என்ன காணாமல் போனது என்று மலாயில் கேட்டான். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். பதினொரு தடவையும் நாய் அழுதது. மற்ற ஐந்து வழிகளுக்கும் இதே கதிதான்.

இப்படி இருக்கும்போதுதான் கடைவாய்ப் பல் வலி வந்து, லோபாக்கில் டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வாயில் பஞ்சு, பாதி முகம் வீங்கிக் கிடந்தது, பேச்சு வரவில்லை. அன்று சாயங்காலம் மருந்து வாங்கப் போனேன், மறுநாள் கடைக்கும் கோயிலுக்கும் போனேன். நாய் அழவில்லை, திலகா. மூன்று முறை கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன், ஒரு முனகல் இல்லை என்று மாரியம்மாவே வந்து சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நாற்பது பேரை அடக்கியவனுக்கு நாலு கால் உள்ள ஒன்றை அடக்கத் தெரியாதா என்று வீங்கிய வாயை வைத்துக்கொண்டு சைகையிலேயே சொன்னேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. செருப்பைப் போட்டேன், வழக்கம்போல வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அடுப்படியில் அழுகை பிடித்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாரியம்மா அப்படியே நின்றாள். "அண்ணே, அது கதவுக்கு அழுவல. நீங்க வாயத் தொறந்தாதான்லா அழுவுது."

அவள் விடவில்லை. என்னை வாசலில் நிற்க வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். கடைக்கு என்றேன், சத்தமில்லை. டவுனுக்கு என்றேன், சத்தமில்லை. பெரட்டுக்கு என்றுகூடச் சொன்னேன், வால் தரையில் அடிக்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு போயிட்டு வர்றேன் என்றேன். முடிக்கக்கூட இல்லை, உள்ளே அது வாய்விட்டு அழுதது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. செருப்புக் காலோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரியில் அம்மாவை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் வந்தபோது மணி ஒன்பது. அதுவரைக்கும் நாய் அம்மாவின் மடியில்தான் கிடந்தது. வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவிடும் என்று அவள்தான் அதை வாங்கி அடுப்படியில் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "தொரை, போயிட்டு வர்றேன். அழக்கூடாது." நான் கூடவே வண்டியில் ஏறப்போகிறவன் என்பதால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுவரைக்கும் மாரியம்மாதான் ஜன்னல் வழியாக அதற்குச் சோறு போட்டிருந்தாள். நான்காம் நாள் நான் மட்டும் வந்து அந்தக் கதவைத் திறந்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தது.

கருமாதி முடிந்து நீ கிளம்பும்போதும் வாசலில் நின்று அதையேதான் சொன்னாய். நாய் அழுதது. பசிக்கிறது என்று நினைத்து இரண்டு வடையைப் போட்டோம். வானொலிப் பையனும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

உனக்கு ஒன்று நினைவிருக்காது. நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது விடியற்காலையில் உன்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் வெட்டுக்காட்டுக்குப் போவோம். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடுங்கள், சொன்னால்தான் அழும் என்று ஆயா தினமும் சொல்வாள். நானும் அதைத்தான் சொன்னேன். பஞ்சாலை கேட்கவே மாட்டாள். உன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, போயிட்டு வர்றேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். நீ கத்துவாய். நாலாவது நிரை மரம் வரைக்கும் கேட்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் அவளைத் திட்டினேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்: "அழட்டும். வருவேன்னு தெரிஞ்சிக்கிட்டு அழட்டும்." பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குத்தான் வருவாள். ஒரு நாளும் தவறியதில்லை. அவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வராமல் இருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதை அந்த வாயில்லாத ஜீவனிடம் சொல்லிவிட்டாள்.

அப்படியென்றால் போறேன் என்று சொல்லிவிட்டுப் போங்களேன் என்றாள் மாரியம்மா. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வேலியோடு சேர்த்துத் திட்டினேன். நம் வீட்டு வாசலில் அந்தச் சொல்லை யாராவது சொன்னதுண்டா? கல்யாணமான புதிதில் ஒரு சண்டையில் நான் போறேன் என்று கத்திவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனேன். உன் அம்மா பின்னாலேயே வந்து, பத்துப் பேர் பார்க்க என்னைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போய், உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போயிட்டு வர்றேன் என்று சொல்ல வைத்து மறுபடி அனுப்பினாள். இந்தத் தோட்டத்தில் மனைவியால் முறையாக வழியனுப்பி வைக்கப்பட்டுக் கள்ளுக்கடைக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்படிப்பட்ட வாசலில் நின்று எப்படிச் சொல்வது? பேசாமல் போய்விடலாமே என்று நீ கேட்பாய். எழுபத்திரண்டு வருஷத்து வாய் இது, வாசலைத் தாண்டும்போது தானாகத் திறந்துகொள்கிறது. ‘போ’ என்பது வரைக்கும் வந்துவிடும். அதற்குமேல் எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

திருப்பினேன். பத்தொன்பது நாளாக நான் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். நாய் அழுவதே இல்லை. அடுப்படிக் கதவைப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. மாரியம்மா நன்றாகத் தூங்குகிறாள். ஒப்பந்தப்படி பார்த்தால் நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

ஆனால் என்னால் முடியவில்லை, திலகா. ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லும்போதும் உன் அம்மாவை நானே மறுபடி அனுப்பிவைப்பது போல இருக்கிறது. அவள் நாற்பத்தைந்து வருஷம் சொல்லவிடாத சொல் அது. இரண்டு நாள் சர்க்கரை இல்லாமல் கோப்பி குடித்தேன், கடைக்குப் போகாமல் இருக்க. வெளியே போகாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை பார். அதனால் நீ சொன்னபடியே செய்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாயை இராஜமாணிக்கம் தன் தோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றான். வரும் சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். அதை ஏற்றிக்கொண்டு போகத்தான் நேற்றுக் கோழிக்கூண்டின் கம்பியை முறுக்கினேன், மூன்று பிளாஸ்திரிக்கும் அதுதான் காரணம். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேனை எடுத்துக்கொண்டு வாருங்கள். கட்டில் வேண்டாம், அலமாரி வேண்டாம். அம்மாவின் தையல் மெஷினும் சாமி படமும் என் நாற்காலியும் மட்டும் போதும்.

மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உங்கள் இருவருக்கும் உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எந்நாளும் உண்டு. நான் சுகமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
சன்னாசி.

பின்குறிப்பு: 9 மே, சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மேலே எழுதியதில் வேன் விஷயத்தை அடித்துவிடு.

இன்று காலை கூண்டை மோட்டாருக்குப் பின்னால் கட்டி, தொரையை அதில் உட்கார வைத்து ரெம்பாவுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் லோரிக்காரர்கள் கையசைத்தார்கள், தொரையும் ஒருவரையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தது. தோப்பில் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் கட்டினோம். இராஜமாணிக்கத்தின் மனைவி கருவாட்டுச் சோறு வைத்தாள், சாப்பிட்டது. நான் மோட்டாரில் ஏறிக்கொண்டு போறேன் என்றேன். அது நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. சாலைப் பக்கம் முகத்தை வைத்துக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. எவ்வளவு நல்ல பிள்ளை, அழவே இல்லையே என்று இராஜமாணிக்கம் மெச்சினான். சாலை முனை வரைக்கும்தான் என்னால் ஓட்ட முடிந்தது. இருபத்தோரு நாளாகப் போறேன் என்று சொல்லிவிட்டு நான் திரும்பி வந்திருக்கிறேன், ஒரு தடவையும் தவறாமல். அதற்குத் தெரிந்த தமிழில் போயிட்டு வர்றேன் என்றால் வரமாட்டார்கள், போறேன் என்றால் வந்துவிடுவார்கள். அதை நம்பித்தான் வாலை ஆட்டியிருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாலையோரம் நின்று நான்தான் அழுதேன், அந்தச் சத்தம் ரெம்பாவ் டவுனுக்கே கேட்டிருக்கும். திரும்பிப் போய் நின்றபோது தொரைக்குக் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை. எழுந்து சோம்பல் முறித்து, தானாகவே கூண்டுக்குள் ஏறிக்கொண்டது.

நான் எங்கேயும் வரவில்லை, திலகா. ஆனால் 24ஆம் தேதி நீ மட்டும் தவறாமல் வா. இரண்டு மாதமாகிறது உன்னைப் பார்த்து. வரும்போது ஒரு சார்ஜர் வாங்கி வா. கிளம்பும்போது மட்டும் ஒன்று செய், அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்து, போறேன்ப்பா என்று சொல்லிவிட்டுப் போ. நாங்கள் இருவரும் அழாமல் படுத்திருப்போம்.